சண்டை அக்காவுக்கு, கதை எனக்கு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சியும் அதோடு இணைத்த ஒரு விளையாட்டுப் பெட்டியும் இருந்தன. அக்காவும் நானும் அதை முறைவைத்துப் பயன்படுத்தினோம். சனிக்கிழமை மதியம் அவளுக்கு, ஞாயிறு மதியம் எனக்கு. பெரும்பாலும் ஒரே கேமைத்தான் இருவரும் ஆடுவோம். ஆனால் கூடத்தைக் கடந்து போகிற அம்மாவுக்கு அது ஒரே கேம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. “அவ போடற படம் வேற, இவன் போடற படம் வேற” என்றுதான் சொல்வார்.

அம்மா சொன்னதில் தவறில்லை. அக்கா கதை வரும் இடங்களையெல்லாம் பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுவாள். சாகக் கிடக்கும் ராஜா ஏதோ முக்கியமானதைச் சொல்ல வாயெடுப்பார். அக்கா அழுத்திவிடுவாள். அடுத்த நொடி அவள் ஆள் வாளோடு ஒரு சதுப்பு நிலத்தில் நிற்பான். யாரை எதற்காக அடிக்கப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. நான் நேர் எதிர். ஆட்டத்தைத் தொடங்கும்போதே சண்டையின் கடினத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவேன். எதிரிகள் இரண்டு தட்டில் விழுந்துவிடுவார்கள். பிறகு வழியில் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் நின்று பேசுவேன், சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைக்கூட விடாமல் படிப்பேன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. நான் நாற்பதைத் தொட்டிருந்தேன், அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவள் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் போட்டுக்கொண்டு சாரத்தின் மேல் ஏறி, இடுப்பு வாரை மாட்டாமல் வேலை செய்கிற ஆட்களைக் கீழே இறக்குவது அவள் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்து, அது முறிந்து, கிளமெண்டியில் உள்ள பெற்றோர் வீட்டின் என் பழைய அறைக்கே திரும்பியவன். தொலைக்காட்சித் தமிழ் நாடகங்களுக்கு ஆங்கில வசனவரி எழுதிச் சம்பாதிக்கிறேன். அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவரும் அம்மாவும்தான்.

இந்தப் பிரிவினை சிறு வயதிலேயே தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களைத் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குக் கூட்டிப் போவார். அம்மா சந்தையில் மீனும் காயும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அப்பா எங்களை டோபி காட் பக்கம் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடிக்கு அழைத்துப் போவார். அங்கே காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். அக்கா இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பெரிய பையன்களோடு மோதுவாள். அவர்களில் பலர் ஒரு பொண்ணிடம் தோற்றதை நம்பாமல் மறுபடி காசு போட்டு, மறுபடி தோற்றுப் போவார்கள். நான் பக்கத்தில் நின்று, சண்டைக்காரரைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஓடுகிற இரண்டு வரி வரலாற்றைப் படிப்பேன். இவன் தந்தையைத் தேடுகிறான். இவள் தன் குருவைக் கொன்றவனைத் தேடுகிறாள். அக்காவிடம் சொன்னால், “அதெல்லாம் யாரு கேட்டா, தள்ளி நில்லு, கை இடிக்குது” என்பாள்.

எங்களுக்கு மிகவும் பிடித்த கேம்கள் என்று ஆளுக்கு ஒன்று இருந்தது. பெயர்கள் இங்கே தேவையில்லை. அக்காவுடையதில் வசனமே கிடையாது என்று சொல்லலாம். மழை பெய்துகொண்டே இருக்கும் ஒரு நாடு. அதில் ஒரு கல் பாலம். பாலத்தின் நடுவில் முழுக் கவசம் அணிந்த ஒரு காவலன். அவனைத் தாண்டினால்தான் அடுத்த ஊர். அந்த கேமில் கடினத்தைக் குறைக்க வழியே இல்லை. அதனாலேயே அவளுக்கு அது பிடிக்கும். அவன் ஈட்டியை ஓங்கும்போது சரியான கணத்தில் கேடயத்தால் தட்டிவிட வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் செத்துப் போவீர்கள். முதல் முறை அவனை வீழ்த்த அவளுக்குப் பல வாரங்கள் ஆயின. அதற்குப் பிறகும் விடவில்லை, மோதலுக்கு முன் பதிந்து வைத்த ‘சேவு’க்குத் திரும்பித் திரும்பிப் போனாள். வேலையில் மனம் கசந்து வருகிற நாட்களில், குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து அவனோடு ஒரு முறை மோதிவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

என்னுடையது ஒரு தீவைப் பற்றியது. கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன் இறந்துபோகிறார். வெளியூரில் இருக்கும் அண்ணனும் தங்கையும் திரும்பி வருகிறார்கள். தீவை ஏதோ ஓர் இருட்டு பிடித்திருக்கிறது. நாம்தான் தங்கை. பாதி வழியில் அண்ணன் இறந்துவிடுகிறான், மீதி வழி அவள் தனியாகப் போகிறாள். அவர்கள் இருவரும் நடந்துகொண்டே பேசுகிற பேச்சு இருக்கிறதே, அப்பாவின் கோபம், வீட்டில் யாருக்குப் பெரிய மீன் துண்டு கிடைத்தது, யார் யாரை விட்டுவிட்டுப் போனது, அதற்காகவே அதை நான் திரும்பத் திரும்ப ஆடினேன். நடுநடுவே நிழல் மாதிரி சில உருவங்கள் வந்து தாக்கும். அவற்றைத் தட்டிவிட்டுப் பேச்சுக்குத் திரும்பிவிடுவேன்.

“இதுக்கு நாடகம் பாத்துட்டுப் போலாமே லா” என்பாள் அக்கா.

“நீ பண்றதுக்கு ஜிம்முக்குப் போலாமே” என்பேன் நான்.

ஒரு முறை கொஞ்சம் நிதானமாகவே பேசினோம். கதையில் என்ன நடக்கும் என்பதை வேறு யாரோ முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள், நாம் பொத்தானை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் அந்த ராஜா சாகத்தான் போகிறார் என்றாள் அக்கா. சண்டையில் மட்டும்தான் தன் கை எதையாவது செய்கிறது. ஜெயித்தால் அது தன்னுடையது, தோற்றாலும் தன்னுடையது. நான் என் பக்கத்தைச் சொன்னேன். ஆயிரம் பேரை அடித்துப் போட்ட பிறகு அவர்களில் ஒருவர் முகமும் நினைவில்லை என்றால் அதை எதற்காகச் செய்தோம் என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, “எனக்கு அந்தப் பாலத்துக்காரன் ஞாபகத்துல இருக்கான்” என்றாள்.

“அவன் யாருன்னே உனக்குத் தெரியாதேக்கா.”

“தெரியாட்டி என்ன. அவனோட ஒவ்வொரு அடியும் தெரியும்.”

அவளுக்கு மார்பகத்தில் கட்டி இருப்பது தெரிந்தபோது அதை எங்களிடம் ஒரு செய்தி போலத்தான் சொன்னாள். சாப்பாட்டு மேசையில், அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது. என்ன கட்டி, எந்த நிலை, எப்போது அறுவை சிகிச்சை, அதன் பிறகு கீமோ எவ்வளவு காலம் என்று எல்லாவற்றையும் விபத்து அறிக்கை வாசிப்பதுபோல ஒழுங்காகச் சொன்னாள். அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “சரி, சாப்பிடு” என்றார். பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தார்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. கீமோ தொடங்கியது. மருத்துவமனைக்கு நானும் போவேன். என் வேலையைக் கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கிருந்தும் செய்ய முடியும் என்பதால் அது என் பொறுப்பாயிற்று. மருந்து ஏறும்போது விரல்களின் நரம்பு பாதிக்கப்படாமல் இருக்க, பனிக்கட்டி போலக் குளிர்ந்த கையுறைகளைப் போட்டுவிடுவார்கள். பலரும் சிறிது நேரத்தில் கழற்றச் சொல்லிவிடுவார்களாம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை வைத்திருப்பாள். தாதி அவளைப் பாராட்டினார். முடி உதிர்ந்தது, வாய் புண்ணாயிற்று, சாப்பாடு எல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது என்றாள். ஆனால் எதையும் குறையாகச் சொல்லவில்லை. “முழுசா அடிச்சு முடிச்சிடணும்” என்பதுதான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது.

சனிக்கிழமை மதியங்களில் உடம்பு இடம் கொடுத்தால் பாலத்துக்குப் போவாள். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வசனவரி எழுதிக்கொண்டிருப்பேன். அவள் ஆள் சாகும்போது ஒரு மணியோசை கேட்கும். ஒரு சனிக்கிழமை அந்த மணி ஓயாமல் கேட்டது. தலை நிமிர்ந்து பார்த்தேன். அவள் காவலனிடம் தோற்றுக்கொண்டிருக்கவில்லை. பாலத்துக்கு வருவதற்கு முன்பே, சாதாரண வீரர்களிடம் செத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருபோதும் செய்யாத ஒன்றை அப்போது செய்ததைக் கண்டேன். கன்ட்ரோலரைக் குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் பொத்தானின் மேல்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு மறுபடி நிமிர்ந்தாள். அதற்குள் அடி விழுந்துவிட்டது.

“கன்ட்ரோலர் பழசாயிடுச்சு. மாத்தணும்” என்றாள், நான் கேட்காமலேயே.

அதன் பிறகுதான் மற்றவையும் கண்ணில் பட்டன. காதுத் தோட்டின் திருகாணியை அம்மா மாட்டிவிட்டார். சட்டைப் பொத்தான்களை விட்டு, தலைவழியாகப் போடும் பனியன்களுக்கு மாறியிருந்தாள். கோப்பிக் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். ஒருநாள் சூடான சட்டியைத் தொட்டுக்கொண்டே நின்றாள். அம்மா பதறிப்போய்க் கையை இழுத்துவிட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போனோம். அவர் பொறுமையான சீனப் பெண்மணி. ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்விகளை வரிசையாகக் கேட்டார். வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, விரல் நுனிகளில் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா. அக்கா ஆங்கிலத்தில், கொஞ்சம்தான், பரவாயில்லை என்றாள். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று மருத்துவர் கேட்டார். முடிகிறது என்றாள். அன்றைக்கும் அவள் பனியன்தான் போட்டிருந்தாள்.

மருத்துவர் கணினிப் பக்கம் திரும்பினார். நான் பேசினேன். அவளால் பொத்தான் போட முடியவில்லை என்றேன். தோடு மாட்ட முடியவில்லை, சூடு தெரியவில்லை, கன்ட்ரோலரில் விரல் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை, இருபது ஆண்டுகளாகப் பார்க்காமல் ஆடியவள் இப்போது பார்த்து ஆடுகிறாள் என்றேன். மருத்துவர் கேமைப் பற்றிய பகுதியைத்தான் அதிகம் கேட்டார். எப்போதிலிருந்து, எந்த விரல்கள், காலிலும் இருக்கிறதா என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள். அவள் கண்களை மூடச் சொல்லி, விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டார். அக்கா சில தடவை தவறாகச் சொன்னாள். முடிவில், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், இந்த முறை ஊசியைத் தள்ளிப்போடலாம் என்றார். குறைத்தால் பலன் குறையுமா என்று அக்கா கேட்டாள். இந்தக் கட்டத்தில் பெரிய வேறுபாடு இருக்காது என்றுதான் நம்புகிறோம், ஆனால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிட்டால் திரும்பக் கொடுக்க என்னிடம் மருந்து இல்லை என்றார் மருத்துவர்.

வெளியே வந்ததும் அக்கா மின்தூக்கிக்குப் போகாமல் படிக்கட்டுப் பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

“உன்ன யாரு பேசச் சொன்னா?”

“பொய் சொன்னியேக்கா.”

“என் ஒடம்பு. நான் சொல்லிக்கறேன். நீ யாரு நடுவுல?”

“விரல் போச்சுன்னா?”

“போகட்டும். விரல வச்சுகிட்டு என்னடா பண்றது, ஆளே இல்லன்னா?” அவள் குரலை உயர்த்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “உனக்கு எல்லாத்தையும் ஈஸில வச்சு ஆடணும். எப்பவும் அப்படித்தான். இது பாதி அடிச்சா எழுந்து வந்துடும்டா. தெரியுமா உனக்கு?”

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. நான் மருத்துவனில்லை. கூடத்தில் அவள் கட்டைவிரலைக் குனிந்து பார்த்ததை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ரயிலில் அவள் எனக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அம்மா வழியாக வரும். “அவன துணியக் காயப் போடச் சொல்லுங்க.” நான் அங்கேயே நிற்பேன். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானே போய்த் துணியைக் காயப் போடுவார். மருத்துவமனைக்கு அதற்குப் பிறகும் நான்தான் கூடப் போனேன். ஆனால் மருத்துவர் அறைக் கதவருகே வந்ததும் அவள் கையை நீட்டித் தடுத்துவிடுவாள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே என்ன சொன்னாள், என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

மௌனத்தை உடைத்தது அவள்தான். ஒரு ஞாயிறு மதியம், என் முறை. நான் தீவு கேமைப் புதிதாகத் தொடங்கியிருந்தேன். அக்கா அறையிலிருந்து போர்வையோடு வந்து சோபாவின் மறுமுனையில் படுத்துக்கொண்டாள். நான் கூடத்தை விட்டுப் போய்விட வேண்டுமோ என்று நினைத்தேன்.

“ஆடு. பாக்கறேன்” என்றாள்.

“கதை நிறைய வரும்.”

“வரட்டும். நான் ஸ்கிப் பண்ண முடியாதுல்ல இப்ப.”

அன்றும் அடுத்து வந்த ஞாயிறுகளிலும் அவள் பார்த்தாள். நடுவில் தூங்கிப்போவாள். எழுந்ததும், என்ன ஆச்சு என்று கேட்பாள். நான் சொல்வேன். அண்ணன் பேசுகிற இடங்களில் சிரிப்பாள். “இவன் அப்பா மாதிரியே பேசறான், தப்ப ஒத்துக்க மாட்டேங்கறான்.” அண்ணன் இறக்கும் இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிறு ஆடாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு ஆடினேன். அண்ணன் பனிமூட்டத்தில் தங்கையைத் தள்ளிவிட்டுத் தான் நின்றுவிடுகிற காட்சி.  அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தங்கை தனியாக நடக்கிறாள். நிழல்கள் வந்து தாக்கின. நான் வழக்கம்போலப் பொத்தான்களைத் தட்டித் தாண்டினேன்.

“நில்லு” என்றாள் அக்கா. “மறுபடி சண்ட போடு. அவசரப்படாம.”

போட்டேன்.

“அவ இடது பக்கம் தடுக்கவே மாட்டேங்கறா பாரு.”

நான் பார்த்தேன். வலப்பக்கமிருந்து அடி வந்தால் தங்கை கம்பைத் தூக்கித் தடுக்கிறாள். இடப்பக்கமிருந்து வந்தால் தூக்கவே இல்லை, வாங்கிக்கொள்கிறாள்.

“கேம்ல ஏதோ கோளாறு போல” என்றேன்.

“கோளாறு இல்லடா. அங்கதான அவன் நிப்பான். இவ்ளோ நேரமும் அந்தப் பக்கம் வந்தத அவன்தான தடுத்தான். இவ பழகவே இல்ல.”

எத்தனையோ முறை அந்த கேமை முடித்திருக்கிறேன். அவர்கள் பேசுகிற ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். ஆனால் கடினத்தை இறக்கிவைத்து ஆடுகிறவனுக்கு எந்தப் பக்கமிருந்து அடி விழுந்தாலும் வலிக்காது. அதனால் இது என் கண்ணில் பட்டதே இல்லை. அன்று கேமின் அமைப்புகளுக்குள் போய், கடினத்தை நடுவில் வைத்துவிட்டு ஆடினேன். தங்கை இடப்பக்கம் அடி வாங்கி வாங்கி விழுந்தாள். தீவின் கடைசிப் பகுதியில்தான், அதுவும் மெல்ல மெல்ல, அந்தப் பக்கமும் கம்பைத் திருப்பக் கற்றுக்கொண்டாள். அதைப் பற்றி கேமில் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முதல் முறை அவள் இடப்பக்கம் தடுத்தபோது அக்கா, “ஆங்” என்றாள், அவ்வளவுதான். 

அன்று மாலை அவளுக்கு நான் ஒன்றைச் சொன்னேன். பாலத்துக் காவலனை வீழ்த்தினால் அவன் தலைக்கவசம் நமக்குக் கிடைக்கும். அதைப் பைக்குள் திறந்து பார்த்தால் அதைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கும். அக்கா அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவள் ஜெயித்து வாங்கியதை நான் திறந்து பார்த்திருக்கிறேன். அவன் காக்கிற ஊர் எப்போதோ காலியாகிவிட்டது. மக்கள் வேறு வழியாக மலை தாண்டிப் போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் அவனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“ஊரு காலின்னு எனக்குத் தெரியாது” என்றாள். “ஆனா அவன் யாருக்கோ வாக்குக் குடுத்துட்டு நிக்கறான்னு தெரியும். பாலத்த விட்டு எறங்கவே மாட்டான்டா. நான் இந்தப் பக்கம் ஓடி வந்துட்டா வெரட்ட மாட்டான். முட்டி வளைஞ்சு நிக்கவே முடியாதப்பகூட அங்கயே நிப்பான். கொல்லணும்னு நிக்கறவன் அப்படி நிக்க மாட்டான்.”

“முன்னாடியே படிச்சிருந்தா அடிச்சிருக்க மாட்ட.”

“அடிச்சிருப்பேன்” என்றாள். “ஆனா சாரி சொல்லிட்டு அடிச்சிருப்பேன்.”

கீமோ முடிந்தது. கதிரியக்கச் சிகிச்சையும் முடிந்தது. இதுவரை எடுத்த சோதனைகளில் கட்டி திரும்பி வந்ததற்கான அடையாளம் இல்லை. முடி சுருட்டையாக வளர்ந்தது. விரல்கள்தான் முழுதாகத் திரும்பவில்லை. ஓராண்டில் கொஞ்சம் தெளிந்தன, பிறகு அப்படியே நின்றுவிட்டன. நுனியில் மெல்லிய துணி சுற்றிய மாதிரி இருக்கிறது என்கிறாள். பாதங்களிலும் அப்படியே. பட்டறைக்குத் திரும்பினாள், ஆனால் சாரத்தில் ஏற அவர்கள் அனுமதிக்கவில்லை. அவர்கள் இடத்தில் அவள் இருந்திருந்தாலும் அனுமதித்திருக்க மாட்டாள், அதை அவளே சொன்னாள். இப்போது புதிதாக வருகிற ஆட்களுக்கு வகுப்பெடுக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருகிறாள். வகுப்பறையில் ஏசி அதிகம் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை.

பாலத்துக்கும் திரும்பிப் போனாள். பல சனிக்கிழமைகள் முயன்றாள். சரியான கணம் எது என்று அவளுக்கு இன்னும் தெரிகிறது. கண்ணுக்கும் தெரிகிறது, மனதுக்கும் தெரிகிறது, விரல் பொத்தானை அழுத்தியதா இல்லையா என்பதுதான் தெரிவதில்லை. ஒரு சனிக்கிழமை, காவலன் ஈட்டியை ஓங்கும்போதே கன்ட்ரோலரை என் பக்கம் நீட்டினாள்.

“இந்தா. நீ ஆடு.”

“நான் ஜெயிச்சா?”

“அது ஒன்னோட ஜெயிப்பு. என்னோடது முடிஞ்சுது.”

அவள் அதை அழாமல் சொன்னாள். அதற்குப் பிறகு எழுந்து போய்க் குளித்தாள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன ஆச்சு?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். இன்றுவரை அந்தக் காவலனை என்னால் தாண்ட முடியவில்லை. ஆனால் தோற்றுத் தோற்று, அவன் நடையை நானும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அக்கா சொன்ன அந்த முட்டி வளைவை நானும் பார்த்துவிட்டேன்.

அவள் இப்போது ஆடுவது வேறு வகை. வேகம் வேண்டாத, யோசித்து நகர்த்துகிற ஆட்டங்கள். அவற்றிலும் கதை வந்தால் பெரும்பாலும் தாண்டிவிடுகிறாள். மாறிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் அவளாகத்தான் இருக்கிறாள். எப்போதாவது ஒரு கிழவனோ ஒரு குழந்தையோ திரையில் பேசத் தொடங்கினால் விரலைப் பொத்தான்மேல் வைத்துவிட்டு, அழுத்தாமல் கொஞ்ச நேரம் கேட்கிறாள். பிறகு அழுத்திவிடுகிறாள்.

போன மாதம் வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தோம். மருத்துவர் அறைக் கதவருகே நான் பழக்கப்படி நாற்காலியைப் பார்த்து நடந்தேன்.

“உள்ள வா” என்றாள் அக்கா. “வந்து உக்காரு. வாயத் தொறக்காத.”

உட்கார்ந்தேன். அதே மருத்துவர், அதே கேள்விகள். விரல்கள் எப்படி என்று கேட்டபோது அக்கா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக் காட்டினாள். இந்த மூன்று விரல் சுத்தமாகத் தெரியாது, இது பாதி தெரியும், பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆகிறது, மழைநாளில் பாதம் எங்கே படுகிறது என்று தெரியாமல் படியில் தடுமாறுகிறேன் என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நடைக்கு ஒரு பயிற்சியாளரைப் பார்க்கச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து தேக்காவுக்குப் போனோம். சிராங்கூன் ரோட்டின் ஒரு பக்கத் தெருவில் நாங்கள் எப்போதும் போகிற இலைச்சாப்பாட்டுக் கடை. கீமோவுக்குப் பிறகு அக்கா கரண்டிக்கு மாறியிருந்தாள். சோற்றின் சூடு விரலுக்குத் தெரியாததால் இரண்டு முறை கொப்புளம் வந்துவிட்டது. அன்று கரண்டியை ஓரமாக வைத்தாள். இடது மணிக்கட்டைச் சோற்றின் மேலே கொஞ்ச நேரம் பிடித்துச் சூடு பார்த்துவிட்டு, வலது கையால் பிசைந்தாள். பருக்கைகள் நழுவின. பொறுமையாக எடுத்துச் சாப்பிட்டாள்.

வெகு நாளாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன். “அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் சொன்னதுக்கு இன்னும் கோவமாக்கா?”

அவள் மென்று விழுங்கினாள்.

“கோவம் இருக்கு” என்றாள். “சில நாளு, ஏதாச்சும் வலிச்சா, நீ அன்னிக்கு வாய மூடிட்டு இருந்திருந்தா முழு மருந்தும் போயிருக்குமேன்னு தோணும். சில நாளு, நீ சொல்லலன்னா இந்தச் சோத்தக்கூடப் பெசய முடியாதோன்னு தோணும். எது சரின்னு எனக்குத் தெரியல. கேம்ல மாதிரி பழைய சேவுக்குப் போயி அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வர முடியாதுல்ல.”

 பரிமாறுகிறவர் கறிக்குழம்பு வாளியோடு வந்தார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, சோற்றில் குழி பறித்து ரசம் ஊற்றச் சொன்னாள்.